பூசண வித்துக்களின் ஆயுளும் கிடங்கின் நிலையும்

விதை, உரம், பூச்சிமருந்து ஆகியவற்றை 'இடுபொருள்கள்' என்ற ஒரே தலைப்பின்கீழ்க் கணக்கெழுதுவது அரசு அலுவலகங்களில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். ஒரு மூட்டை யூரியா ஈரம் படாமல் இருந்தால், சென்ற ஆண்டில் வந்த மூட்டைக்கும் இந்த ஆண்டில் வந்த மூட்டைக்கும் பயிரைப் பொறுத்தவரை பெரிய வேறுபாடு இல்லை. ஆதலால் இருப்புப் பதிவேட்டில் எடையையும் எண்ணிக்கையையும் குறித்தால் போதும். ஆனால் அதே பதிவேட்டில், அதே முறையில், டிரைக்கோடெர்மா பொட்டலங்களையும் குறித்து வைக்கும்போதுதான் சிக்கல் தோன்றுகிறது. அந்தப் பொட்டலத்தில் இருப்பது மருந்தன்று, உயிர். பதிவேட்டில் 500 பொட்டலங்கள் இருப்பு என்று எழுதப்பட்டிருக்கலாம். அலமாரியில் 500 பொட்டலங்கள் அடுக்கப்பட்டும் இருக்கலாம். தணிக்கையில் ஒன்றும் குறையாது. எனினும் உள்ளே இருப்பது வெறும் டால்க் பொடி மட்டுமே என்ற நிலை ஏற்பட்டிருக்கக் கூடும்.

இந்தச் சிக்கலை ஓர் ஊரை முன்வைத்து ஆராய்வது பயனுள்ளதாக இருக்கும். கேரளத்தின் தென்கோடியில், நெய்யாறு அணைக்கு அருகே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் கள்ளிக்காடு அமைந்துள்ளது. நெடுங்காலம் நெய்யாற்றின்கரை வட்டத்தில் இருந்த இவ்வூர், 2014-ல் காட்டாக்கடை வட்டம் உருவானபோது அதனுடன் சேர்ந்தது. தெற்கே பாறசாலையைக் கடந்தால் தமிழ்நாட்டின் விளவங்கோடு. 1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநில எல்லைகள் திருத்தப்பட்டபோது விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீசுவரம் ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு நடுவில் விழுந்தாலும் இருபுறத்து நிலமும் ஒன்றே. இங்கும் அங்கும் தென்னை, ரப்பர், நல்லமிளகு, மரச்சீனி, வாழை. இங்கும் அங்கும் சிறு நிலவுடைமை. இருபுறமும் ஆண்டுக்கு இருமுறை பருவமழை. நோய்களும் பூச்சிகளும் எல்லைக்கோட்டை அறிவதில்லை.

உதவும் பூசணங்கள்

இப்பகுதி விவசாயிக்கு மூன்று பூசணங்கள் பெரிதும் உதவக்கூடியவை. மிளகுக் கொடியின் வேரைத் தாக்கிச் சில நாட்களிலேயே கொடியை வீழ்த்தும் வாடல் நோய்க்குக் காரணமான பைட்டோப்தோரா என்னும் நுண்ணுயிரை எதிர்த்து நிற்பது டிரைக்கோடெர்மா. எருக்குழியில் வளர்ந்து தென்னையின் குருத்தைக் குடையும் காண்டாமிருக வண்டின் புழுக்களைக் கொல்வது மெட்டாரைசியம். வாழைத் தண்டைத் துளைக்கும் கூன்வண்டிற்கு எதிராகப் பரிந்துரைக்கப்படுவது பவேரியா.

இவற்றைப் பயன்படுத்தும் எண்ணம் புதியதன்று. இத்தாலியின் அகஸ்தினோ பாஸி என்பவர், பட்டுப்புழுக்களைக் கொன்ற வெண்ணிற நோய்க்கு ஒரு பூசணமே காரணம் என்று 1835-ல் வெளியிட்டார். அவர் பெயராலேயே அப்பூசணம் இன்று பவேரியா பாஸியானா எனப்படுகிறது. 1879-ல் ரஷ்ய விஞ்ஞானி மெச்னிகாவ், கோதுமைப் பயிரை அழித்த வண்டுகளின்மேல் மெட்டாரைசியத்தைச் சோதித்தார். சமோவா தீவுகளில் தென்னை வண்டிற்கு எதிராக 1913-ஆம் ஆண்டளவிலேயே அது முயன்று பார்க்கப்பட்டது. நம் நாட்டில் காயங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வாளர்கள் காண்டாமிருக வண்டைத் தாக்கும் இப் பச்சைப் பூசண நோயைப் பற்றி 1955-லேயே எழுதியுள்ளனர்.

அவ்வாறாயின், இவ்வளவு பழைய, மலிவான, தீங்கற்ற முறை இரசாயன மருந்துகளின் முன் ஏன் பின்தங்கியது? காரணங்கள் பல உண்டு. இரசாயன மருந்து விரைந்து கொல்லும். பூசணம் மெதுவாகவே கொல்லும். ஆனால் விவசாயிகளிடம் கேட்டால் அடிக்கடி கிடைக்கும் விடை வேறு: "சில சமயம் கேட்கிறது, சில சமயம் கேட்கவில்லை." இந்த நிச்சயமின்மையின் ஒரு பெரும் பகுதி வயலில் தோன்றுவதன்று. வயலை அடையும் முன்னரே, கிடங்கிலும் லாரியிலும் கடை அலமாரியிலும் தோன்றி விடுகிறது.

வித்தின் இயல்பு

பூசணம் பரவுவதற்காக உண்டாக்கும் நுண்ணிய உறுப்பே வித்து. ஸ்போர் என்று பாடநூல்களில் படித்திருப்பது இதுவே. மெட்டாரைசியத்தின் வித்து ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கிற்கும் குறைவான நீளமுடையது. நெல்மணியைப் போல் அதற்குள்ளும் சிறிது உணவுச் சேமிப்பு உண்டு, சுவாசமும் உண்டு. நெல்மணிக்கு முளைக்க மண் வேண்டும். பூசண வித்துக்கு ஒரு புழுவின் தோலோ, மக்கிய எருவோ, நோய்ப் பூசணத்தின் உடலோ வேண்டும். தக்க இடம் கிடைக்கும் வரை அது காத்திருக்க வேண்டும். எவ்வளவு காலம் காத்திருக்க இயலும் என்பதை முடிவு செய்வன, முதலாவதாக வித்தினுள் உள்ள ஈரம், அடுத்ததாக வெப்பம்.

ஈரம் மிகுந்த வித்து உறங்குவதில்லை. சுவாசித்துத் தன் சேமிப்பைச் செலவிட்டுக்கொண்டே இருக்கிறது. வெப்பம் ஏறும்போது அச் செலவு விரைவடைகிறது. வரவில்லாத வீட்டில் செலவு மட்டும் நடந்தால் என்ன ஆகுமோ அதுவே வித்துக்கும் ஆகும். உலர்ந்த வித்தோ ஏறக்குறைய அசைவற்ற நிலையில் இருப்பதால் நீண்ட நாள் வாழ்கிறது. விதைச் சேமிப்புத் துறையில் ஹாரிங்டன் என்ற அமெரிக்க அறிஞர் கூறிய ஒரு தோராய விதி உண்டு. விதையின் ஈரப்பதம் ஒரு சதவிகிதம் குறையும்தோறும் அதன் ஆயுள் இரு மடங்காகும். கிடங்கின் வெப்பம் 5 டிகிரி சென்டிகிரேடு குறையும்தோறும் ஆயுள் மீண்டும் இரு மடங்காகும். இது நெல்லுக்கும் காய்கறி விதைக்கும் சொல்லப்பட்டது. எல்லா ஈரநிலைக்கும் எல்லா வெப்பநிலைக்கும் பொருந்துவதன்று. ஆனால் 1997-ல் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு, விதைகளின் ஆயுளைக் கணிக்கும் அதே வகைச் சமன்பாட்டை மெட்டாரைசியம் வித்துக்களுக்கும் பயன்படுத்தலாம் என்று காட்டியது. அதாவது, விதைக் கிடங்கை நடத்தத் தெரிந்த நாட்டிற்குப் பூசண வித்தைக் காப்பது முற்றிலும் அந்நியமான கலையன்று.

இந்த அறிவு உருவான பின்னணி குறிப்பிடத்தக்கது. 1986 முதல் 1989 வரை ஆப்பிரிக்காவில் பாலைவன வெட்டுக்கிளிகள் பெருந்திரளாகப் பெருகின. இரசாயன மருந்துகள் பெருமளவில் தெளிக்கப்பட்டதால் எழுந்த கவலையின் விளைவாக, மெட்டாரைசியத்தைக் கொண்டு வெட்டுக்கிளியைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஆய்வுத் திட்டம் ஒன்று 1989-ல் தொடங்கியது. சகாராவின் ஓரத்தில், குளிர்பதனம் இல்லாத கிடங்கில், எப்போது தேவைப்படும் என்று தெரியாத ஒரு பொருளைக் காத்து வைக்க வேண்டும். அவர்கள் கண்ட வழி, வித்துக்களை 5 சதவிகித ஈரம் அல்லது அதற்கும் கீழே உலர்த்தி, நீருக்குப் பதிலாக எண்ணெயில் கலந்து தெளிப்பதாகும். சிலிக்கா ஜெல் என்னும் ஈரமுறிஞ்சியும் உடன் பயன்பட்டது. வெப்பத்தைக் குறைக்க இயலாத இடத்தில் ஈரத்தைக் குறைத்து ஈடு செய்ததே இதன் பொருளாதார நுட்பம்.

இங்கு ஒரு முரண் உண்டு. மிக உலர்ந்த வித்தைத் திடீரெனக் குளிர்ந்த நீரில் போட்டால், நீர் பாய்ந்து உட்புகும் வேகத்தில் அதன் மென்சவ்வு சிதைந்து, நல்ல வித்தும் இறக்கலாம். ஆய்வுக்கூடங்களில் இத்தகைய வித்துக்களை முதலில் ஈரக் காற்றில் சிறிது நேரம் வைத்து, அதன்பின் நீரில் கலக்கின்றனர். உலர்த்துவது காக்கிறது, உலர்ந்ததை அவசரத்தில் நனைப்பது கொல்கிறது. பொட்டலத்தின் மேல் 'தண்ணீரில் கலந்து தெளிக்கவும்' என்று ஒரு வரி அச்சிட்டு நிறுத்திக்கொள்வோர் இதைக் கவனிக்க வேண்டும்.

பிராணவாயுவைப் பற்றியும் ஒரே விதி கூற இயலாது. நன்கு உலர்ந்த வித்தைப் பிராணவாயு இல்லாத உறையில் அடைத்தால் அது அதிக வெப்பத்தையும் தாங்குகிறது. ஈரம் மிகுந்த வித்தையோ காற்றுப் புகாமல் அடைத்தால் அது மூச்சு முட்டி மடிகிறது. வெயிலின் புற ஊதாக் கதிர் சில மணி நேரத்திலேயே வெறும் வித்துக்களைப் பெருமளவு அழித்துவிடும். ஆகையால்தான் மாலை வேளையில் தெளிக்குமாறு பரிந்துரைக்கிறார்கள். டிரைக்கோடெர்மாவைப் பொறுத்தவரை இன்னொரு செய்தியும் உண்டு. அது இருவகை வித்துக்களை உண்டாக்கும். பச்சைத் தூளாகக் காண்பது மெல்லிய சுவருடைய வகை. தடித்த சுவருடைய மற்றொரு வகை கடினமான நாட்களைத் தாங்கும் ஆற்றல் மிக்கது.

பகை வித்துக்களும் அதே விதியும்

காக்க வேண்டிய வித்துக்களைப் பற்றிப் பேசும்போது, காக்கக் கூடாத வித்துக்களையும் மறத்தலாகாது. சோளத்திலும் நிலக்கடலையிலும் கொப்பரையிலும் காயவைத்த மரச்சீனித் துண்டிலும் ஆஸ்பர்ஜில்லஸ் போன்ற பூசணங்களின் வித்துக்கள் எப்போதும் ஒட்டியிருக்கின்றன. உலர்த்துவதால் அவை சாவதில்லை. முளைக்க முடியாமல் காத்திருக்கின்றன, அவ்வளவே. மழைக்காலத்தில் சாக்கு ஈரத்தை உறிஞ்சிய உடனே அவை விழித்துக்கொண்டு அப்ளாடாக்சின் என்னும் நஞ்சைச் சுரக்கின்றன. 1974-ன் இறுதியில் ராஜஸ்தான், குஜராத் மாநிலங்களின் பழங்குடி மாவட்டங்களில் மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்டோருள் 106 பேர் உயிரிழந்தனர். பன்ஸ்வாரா, பஞ்சமகால் மாவட்டங்களின் ஏழை வீடுகளில் நிகழ்ந்த இத்துயரத்தை ஆராய்ந்தது ஐதராபாத் தேசிய உணவூட்ட நிறுவனம். நண்பனான வித்தை ஈரம் சாகடிப்பதும், பகையான வித்தை ஈரம் எழுப்பிவிடுவதும் ஒரே கிடங்கில், ஒரே மழைக்காலத்தில் நடக்கக்கூடியவை.

நிதியாண்டும் பருவமழையும்

இனிக் கள்ளிக்காட்டுக்குத் திரும்பலாம். மிளகுக் கொடிகளுக்கு டிரைக்கோடெர்மா இடுவதற்கு ஏற்ற காலம், தென்மேற்குப் பருவமழை தொடங்கி மண் நனையும் சமயம். அதாவது மே இறுதி, ஜூன். மீண்டும் ஒருமுறை ஆகஸ்டு, செப்டம்பர். அரசின் நிதியாண்டு முடிவதோ மார்ச் 31. ஒதுக்கப்பட்ட தொகை அதற்குள் செலவாக வேண்டும் என்ற நெருக்கடியில், மானியத்தில் வழங்கப்படும் பொட்டலங்களை ஆண்டின் கடைசி வாரங்களில் வாங்கினால், அவை ஏப்ரல், மே மாதங்களைக் கிடங்கில் கழிக்க வேண்டும். கேரளத்தில் ஆண்டின் மிக வெப்பமான நாட்கள் அவை. மதிய வெயிலில் தகரக் கூரையின் அடியில் 40 டிகிரியைத் தாண்டுவது அரிதன்று. மே மாதக் கோடைமழையோடு காற்றின் ஈரமும் ஏறுகிறது. வித்தின் ஆயுளைக் குறைக்கும் இரண்டு பகைவரும் ஒருசேர வரும் இரு மாதங்களை, வித்தைச் சேமிப்பதற்கு நிதி நடைமுறை தேர்ந்தெடுத்துவிடுகிறது. யாருடைய கவனக்குறைவும் இல்லாமலேயே, எல்லாரும் விதிப்படி நடந்துகொண்டதனாலேயே நேரும் இழப்பு இது.

பொருளாதாரம் பயிலும் மாணவர்கள் இதை எண்களில் காணலாம். டிரைக்கோடெர்மாவுக்கு மத்தியப் பூச்சிக்கொல்லி வாரியம் வகுத்த குறைந்தபட்சத் தரம், ஒரு கிராமில் 20 இலட்சம் உயிருள்ள அலகுகள். ஒரு கிலோ பொட்டலத்தில் 200 கோடி. கணக்கிற்காக அதன் விலையை 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு கோடி உயிர் 50 காசு. கிடங்கின் வெப்பத்தில் மாதந்தோறும் பாதி மடிவதாகக் கொண்டால், நான்கு மாதங்களில் எஞ்சுவது பதினாறில் ஒரு பங்கு, அதாவது பன்னிரண்டரைக் கோடி. விலைச்சீட்டில் இன்னமும் 100 ரூபாய்தான். ஆனால் ஒரு கோடி உயிருக்கு விவசாயியும் அரசும் சேர்ந்து கொடுத்த விலை 8 ரூபாய் ஆகிவிட்டது. மாதம் பாதி என்பது இங்கு விளக்கத்திற்காகக் கொண்ட விகிதமே. உண்மை விகிதம் பொட்டலத்தின் ஈரத்தையும் வெப்பத்தையும் பொறுத்து மிகவும் மாறும். எனினும் தத்துவம் மாறாது: வாங்குவது எடை, தேவைப்படுவது உயிர்.

மெட்டாரைசியத்தில் இது மேலும் தெளிவாகும். எருக்குழியில் ஒரு கன மீட்டருக்கு 50,000 கோடி வித்துக்கள் இட வேண்டும் என்பது காயங்குளம் நிலையத்தின் பரிந்துரை. கிராமுக்கு 10 கோடி என்ற குறைந்தபட்சத் தரமுள்ள தூளானால் 5 கிலோ போதும். அதில் பத்தில் ஒரு பங்கே உயிரோடிருந்தால் அதே குழிக்கு 50 கிலோ வேண்டும். எந்த விவசாயியும் 50 கிலோ இடப்போவதில்லை. 5 கிலோ இட்டு, வண்டு பெருகியதைக் கண்டு, இனி இந்தப் பக்கமே தலைவைப்பதில்லை என்று முடிவு செய்வார். இந்த நம்பிக்கை இழப்புக்கு எந்தப் பதிவேட்டிலும் பத்தி கிடையாது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் அட்டவணையில் இத்தகைய உயிரிகள் 1999-ல் சேர்க்கப்பட்டன. பதிவு வேண்டும், தயாரித்த நாளும் காலாவதி நாளும் அச்சிட வேண்டும், தூள் வடிவத்தில் ஈரம் 8 சதவிகிதத்தைத் தாண்டலாகாது. இவையெல்லாம் தேவையான விதிகளே. ஆனால் காலாவதி நாள் என்பது ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் வைத்தால் என்ற நிபந்தனைக்கு உட்பட்டது. அந்த நிபந்தனை சிறிய எழுத்தில் இருக்கிறது. நாள் பெரிய எழுத்தில் இருக்கிறது. நாளைப் பார்த்து வாங்கும் கொள்முதல் அலுவலர் நிபந்தனையையும் பார்க்கக் கடமைப்பட்டவர்.

செய்யக்கூடியவை

குளிர்பதனப் பெட்டி வைத்தால் போதாதா என்று கேட்கலாம். பெருமளவு போதும். கேரளத்தில் 1987 முதல் ஊராட்சிதோறும் கிருஷி பவன்கள் இயங்குகின்றன. வீட்டு உபயோகத்திற்கான ஒரு குளிர்பதனப் பெட்டி, ஓர் ஊராட்சியின் பருவத் தேவையில் குறிப்பிடத்தக்க பகுதியைத் தாங்கும். குழந்தைகளுக்கான தடுப்பு மருந்தைத் தொழிற்சாலையிலிருந்து துணைச் சுகாதார நிலையம் வரை குளிர்ச்சி குன்றாமல் கொண்டு செல்லும் ஏற்பாட்டை, 1985-ல் அனைவருக்குமான தடுப்பூசித் திட்டம் தொடங்கியதிலிருந்து இந்நாடு கட்டி வளர்த்துள்ளது. குப்பியின் மேல் ஒட்டப்பட்ட சிறு வில்லை நிறம் மாறினால் மருந்து வெப்பத்தில் கெட்டது என்று செவிலியருக்குத் தெரிந்துவிடும். போலியோ சொட்டு மருந்துக் குப்பிகளில் 1996 முதல் இடம்பெற்ற இந்த எளிய வில்லையைப் போன்ற ஒன்று, பூசணப் பொட்டலத்திற்கும் வந்தால் வாதங்கள் பல குறையும்.

குளிர்ந்த பொட்டலத்தை வெளியே எடுத்தவுடன் பிரித்தால் காற்றின் ஈரம் தூளின்மேல் பனித்துளியாகப் படியும். பிரிக்காமலே சில மணி நேரம் வைத்து, அறை வெப்பத்தை அடைந்தபின் பிரிக்க வேண்டும். இது சிறு செய்திபோல் தோன்றினாலும், குளிர்பதனத்திற்குச் செலவிட்ட பணம் கடைசிக் கால் மணி நேரத்தில் வீணாகாமல் காப்பது இதுவே.

மின்சாரமின்றிக் குளிர்விக்கும் செங்கல் அறையைப் புதுதில்லியின் இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் உருவாக்கியது; மணலை நனைத்து, நீர் ஆவியாவதால் குளிர்ச்சி பெறும் முறை அது. வடஇந்தியாவின் வறண்ட கோடையில் அது நன்கு பயன்படுகிறது. ஆனால் நெய்யாற்றின்கரைப் பகுதிக் காற்று ஏற்கெனவே ஈரமானது; நீர் அங்கே எளிதில் ஆவியாவதில்லை; குளிர்ச்சியும் சொற்பமே. ஓரிடத்தில் வென்ற கருவியைச் சுற்றறிக்கை வழியாக நாடு முழுவதற்கும் அனுப்பும் வழக்கத்திற்கு இது ஓர் எச்சரிக்கை. அதுபோலவே, பழைய வீடுகளில் விதைப் பொட்டலங்களை அடுப்புக்கு மேலே பரணில் வைப்பது வழக்கம். புகையும் வறட்சியும் விதைக்குப் பூச்சி வராமல் காத்தன. அதே இடத்தில் டிரைக்கோடெர்மா உறையை வைத்தால் அடுப்பின் வெப்பமே அதற்குக் காலனாகும். வீட்டில் அதற்குரிய இடம், வெயில் படாத உள்ளறையின் தரைமட்டம். ஈரம் ஏறாத டப்பாவுக்குள்.

ஆயினும் மிகப் பெரிய சேமிப்பு, சேமிக்காமல் இருப்பதே. கேரள வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் முறையில், உலர்ந்த சாணம் 9 பங்கும் வேப்பம்பிண்ணாக்கு 1 பங்கும் கலந்து, புட்டுக்கு மாவு நனைப்பதுபோல் நீர் தெளித்து, 100 கிலோவுக்கு 1 முதல் 2 கிலோ வரை டிரைக்கோடெர்மாவைச் சேர்த்து, நிழலில் மூடி வைத்தால், சில நாட்களில் பூசணம் அக்கலவை முழுவதும் பரவிவிடும். பொட்டலத்தில் குறைந்துபோன எண்ணிக்கையை விவசாயியின் தொழுவமே ஓரளவு ஈடு செய்துவிடுகிறது. ஓரளவு என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் உயிருள்ளவை மிகக் குறைந்தால், சாணத்திலுள்ள வேறு பூசணங்கள் முந்திக்கொள்ளும். கலவை பூத்திருக்கும், ஆனால் பூத்தது டிரைக்கோடெர்மாவாக இராது. மெட்டாரைசியத்தை அரைவேக்காட்டு அரிசியில் வளர்க்கும் முறையைக் காயங்குளம் நிலையம் பண்ணை மகளிர் குழுக்களுக்குக் கற்றுக்கொடுத்துள்ளது. உள்ளூரில் வளர்த்து உடனே எருக்குழியில் இடும்போது, சேமிப்பு என்ற கட்டமே ஏறக்குறைய மறைந்து போகிறது. மண்ணுத்தியின் மாநில உயிரியல் கட்டுப்பாட்டு ஆய்வுக்கூடத்திலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர் பயணம் செய்து வரும் தூளைக் காட்டிலும், அடுத்த தெருவில் வளர்ந்தது உயிர்ப்புடன் இருக்கும் வாய்ப்பு அதிகம்.

அவ்வாறாயின் பெரிய ஆய்வுக்கூடங்களுக்கு என்ன வேலை? தாய்வித்தைக் காப்பது. சிறு உற்பத்திக் குழு ஒரே கலத்திலிருந்து மீண்டும் மீண்டும் மறுவளர்ப்புச் செய்துகொண்டே போனால், பூசணம் சொகுசான உணவிற்குப் பழகி, புழுவைத் தாக்கும் வீரியத்தை இழந்துவிடும். பார்வைக்குப் பச்சையாகவே இருக்கும். எண்ணினால் கோடிக்கணக்கில் இருக்கும். ஆனால் வண்டு சாகாது. அவ்வப்போது புழுவின் உடலில் செலுத்தி மீட்டெடுப்பதும், மூலத்தை உறைநிலையில் உலர்த்தியோ திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியிலோ காத்து வைப்பதும் ஊராட்சியால் இயல்வன அல்ல. புதுதில்லியிலும் சண்டிகரிலும் மௌ நகரிலும் உள்ள தேசிய நுண்ணுயிர்த் தொகுப்புகளும், வெள்ளாயணி வேளாண் கல்லூரி போன்ற அருகிலுள்ள நிறுவனங்களும் செய்ய வேண்டியவை அவை. மூலம் மையத்தில், பெருக்கம் ஊரில் என்ற இந்தப் பிரிவினை, செலவையும் குறைக்கும்; தரத்தையும் காக்கும். ஒதுக்கீட்டின் ஒரு பகுதியைப் பொட்டலம் வாங்குவதிலிருந்து இத்தகைய உள்ளூர் உற்பத்திக்கு மாற்றுவது குறித்துத் திட்டமிடுவோர் சிந்திக்க இடமுண்டு. அதற்கு முன்னதாக, கொள்முதல் ஆணையில் விநியோக நாளை மே மாதத்தின் கடைசி வாரத்திற்குக் குறித்து, ஆணையை மட்டும் முன்கூட்டியே வழங்குவது கூடுதல் செலவில்லாத சீர்திருத்தம். நிதியாண்டைத் தாண்டும் பணப்பட்டுவாடாவுக்கு நிதித்துறையின் இசைவு வேண்டும். அந்த இசைவைப் பெறுவது பூசணத்தை வளர்ப்பதைவிடக் கடினமானது என்று கூறுவோரும் உண்டு.

எல்லைப்புறத்திற்கே உரிய ஒரு செய்தியும் உண்டு. பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதியில் தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த முதியவர்கள் இருக்கிறார்கள். விளவங்கோட்டுப் பக்கம் மலையாளம் மட்டும் படித்தவர்களும் இருக்கிறார்கள். கடைகள் இருபுறத்துத் தயாரிப்புகளையும் விற்கின்றன. 'குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும்' என்ற வரி வாங்குபவர் அறியாத மொழியில் இருந்தால் அது அச்சிடப்படாததற்குச் சமம். அதே கடையில் போர்டோ கலவைக்கான துத்தமும், தாமிர ஆக்சிகுளோரைடும் விற்கப்படுகின்றன. மிளகுக்கு இரண்டுமே பரிந்துரைக்கப்படுபவை ஆதலால், ஒரே நாளில் ஒரே வாளியில் இரண்டையும் கலப்போர் உண்டு. பூசணத்தைக் கொல்லும் மருந்தோடு பூசணத்தைக் கலந்தால், நல்ல கிடங்கில் நான்கு மாதம் காத்த வித்து நான்கு மணி நேரத்தில் அழியும். இரண்டிற்கும் இடையே நாட்களை இடைவெளியாக விட வேண்டும் என்பதை விற்பவரே வாய்மொழியாகச் சொல்வது நல்லது.

தன் கையிலுள்ள பொட்டலத்தில் உயிர் இருக்கிறதா என்று விவசாயியே பார்த்துக்கொள்ள ஓர் எளிய வழியுண்டு. ஒரு கண்ணாடிக் குப்பியில் சிறிது வேகவைத்த மரச்சீனியோ சோறோ எடுத்து, குப்பியோடு சேர்த்து மீண்டும் ஆவியில் வேகவைத்து, ஆறவிட்டு, ஒரு சிட்டிகை தூளைத் தூவி, சுத்தமான பஞ்சால் வாயை அடைத்து நிழலில் வைக்க வேண்டும். டிரைக்கோடெர்மா உயிரோடிருந்தால் நான்கைந்து நாட்களில் வெண்மையாகப் படர்ந்து பின்னர் பச்சையாகும். கறுப்போ மஞ்சளோ பூத்தால் அது வேறொன்று. எத்தனை கோடி எஞ்சியுள்ளன என்பதை இச்சோதனை கூறாது. அதற்கு ஆய்வுக்கூடத்தின் எண்ணிக்கை வேண்டும். ஐந்து நாட்களுக்குப் பின்னும் சோறு சோறாகவே இருந்தால், அந்தப் பொட்டலத்தைப் பருவமழைக்கு முன்னரே கிருஷி பவனுக்குத் திருப்பிக் கொண்டுபோய் வேறு கேட்கலாம். அவ்வாறு கேட்க வரும் விவசாயிக்கு மாற்றுப் பொட்டலம் தர இன்றுள்ள மானிய விதிகளில் ஒரு வரி சேர்க்க வேண்டியிருக்கும்.